வேதிவினையால் எழும் பாய்ம ஓட்டங்கள்: அமில-காரக் கரைசல்களை முன்வைத்து

முன்னுரை
கனமான பாய்மம் கீழும் இலேசான பாய்மம் மேலும் இருந்தால் அவ்வடுக்கு நிலையானது என்பது பொதுக்கருத்து. அத்தகைய அடுக்கையும் ஓர் எளிய வேதிவினை குலைத்துவிடக்கூடும். வெளியிலிருந்து வெப்பமோ கலக்கலோ இன்றி இது நிகழும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சோதனை அமைப்பு
ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியுடன் செங்குத்தாக நிறுத்தப்பட்ட இரு கண்ணாடித் தகடுகளே ஹீலி-ஷா கலம் எனப்படும். இதில் கீழே சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும் மேலே அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வைக்கப்படுகின்றன. 1 மோலார் செறிவில் காரத்தின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 1.04 கிலோகிராம், அமிலத்தினுடையது ஏறத்தாழ 1.02 கிலோகிராம். எனவே தொடக்கநிலை நிலையானது. ஆயினும் சிறிது நேரத்தில் அமில அடுக்கில் விரல்கள் போன்ற ஓட்டங்கள் தோன்றுகின்றன. நடுநிலையாக்கலில் வெளிப்படும் வெப்பம் கண்ணாடி வழியே விரைவில் வெளியேறிவிடுவதால் அதன் பங்கு சிறிதே.

ஓட்டம் தோன்றும் காரணம்
காரணம் விரவல் வேக வேறுபாட்டில் உள்ளது. நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், வினையில் விளையும் சோடியம் குளோரைடைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் விரவுகிறது. அமிலம் வினைமுகப்பை நோக்கி விரைந்து இறங்குகிறது. அது நீங்கிய இடத்தை மெதுவாக விரவும் உப்பு உடனே நிரப்புவதில்லை. ஆதலால் முகப்புக்குச் சற்று மேலே அடர்த்தி குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. அதன்மேல் கனமான அமிலம் நிற்பதால் இலேசான பாய்மம் மேலெழுகிறது, கனமானது இறங்குகிறது.

வினைபுரியாத இரு கரைபொருள்களாயின், கீழே சென்ற பொருள் இடைமுகத்தின் அடியில் தேங்கி அங்கும் ஓட்டத்தை எழுப்பும். இருபுறமும் ஒத்த வடிவங்கள் அமையும். இங்கோ முகப்பை அடைந்த அமிலம் வினையில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஓட்டம் மேற்புறத்தில் மட்டும் நிகழ்கிறது. இச்சமச்சீர்க் குலைவே வினையின் கைவரிசை எனலாம்.

நிறங்காட்டியின் குறுக்கீடு
நிறமற்ற இவ்வோட்டங்களைக் காண நிறங்காட்டி சேர்ப்பது வழக்கம். அதுவும் அமில, கார வடிவங்களை ஏற்று வினையில் பங்குகொள்ளும் பொருளே. அதற்கும் தனி விரவல் வேகம் உண்டு. அடர்த்தியையும் அது மாற்றும். நிறங்காட்டி இருக்கும்போதும் இல்லாதபோதும் வடிவங்கள் வேறுபடுவதை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு நிறுவியது. காண்பதற்கான கருவியே காணப்படுவதை மாற்றியது. ஒளிவிலகல் எண் வேறுபாட்டைப் பதிவுசெய்யும் முறைகளில் இச்சிக்கல் இல்லை.

முடிவுரை
நிலத்தடி உவர்நீரில் கார்பன் டை ஆக்சைடைச் சேமிக்கும் திட்டங்களிலும் இக்கோட்பாடு பயன்படுகிறது. வாயு கரைந்த உவர்நீர் கனத்து இறங்குகிறது. பாறையுடன் நிகழும் வினை, தரும் விளைபொருளைப் பொறுத்து, அவ்விறக்கத்தை விரைவுபடுத்தவோ தடுக்கவோ கூடும். எனவே தொடக்க அடர்த்திகளை மட்டும் கொண்டு ஓர் அடுக்கின் நிலைத்தன்மையை முடிவுசெய்தல் பொருந்தாது. வினையையும் விரவல் வேகங்களையும் சேர்த்தே கணித்தல் வேண்டும்.