நகத்தில் பச்சை... தட்டிலும் பச்சை!

"அண்ணி, கையை நீட்டுங்க!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார். அவள் கையில் ஒரு குட்டி பாட்டில். உள்ளே கரும்பச்சை நிறத்தில் நெயில் பாலிஷ்!

எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோஸ், சிவப்பு, மிஞ்சிப்போனால் மெரூன். பச்சையா? தயங்கினேன். ஆனால் மறுவாரம் என் தம்பிக்குக் கல்யாணம். கட்டப் போவதோ பாட்டில் பச்சைப் பட்டு. அதோடு, சில மாதங்களாக என் நகங்கள் வெளுத்து, ஓரம் ஓரமாகப் பிய்ந்து, பார்க்கவே சகிக்கவில்லை. கெட்டியான நிறமாகப் பூசினால் எல்லாம் மறைந்துவிடுமே! அந்த ஆசைதான் என்னைச் சம்மதிக்க வைத்தது.

அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தேன். "ஐயையோ, அடுப்பு எரியுது அண்ணி!" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நெயில் பாலிஷும் அதை அழிக்கும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கக் கூடியவை. அடுப்பு, சாமி விளக்கு எதன் பக்கத்திலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஜன்னலோரம், காற்றோட்டமாக உட்காருவதே நல்லது.

முதல் முயற்சி படுதோல்வி. ஒரே பூச்சில் கருகருவென்று வர வேண்டுமென்று அப்பிவிட்டேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே ஈரம். தூங்கி எழுந்து பார்த்தால் பத்து விரலிலும் போர்வை டிசைன்! என் மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கிணத்துப் படியில பாசி பிடிச்ச மாதிரில்ல இருக்கு!" என்றார். வீடே சிரித்தது. அழித்துப் பார்த்தால் நகத்தில் மஞ்சளாகக் கறை வேறு.

சரியான முறை இதுதான்

மறுபடி நாத்தனாரே குருவானாள். அவள் சொன்னபடி செய்தேன், அழகாக வந்தது.

* நகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் பாலிஷ் ஒட்டாது. ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.
* அடர்ந்த நிறங்கள் நகத்தில் கறை ஏற்றும். நிறமில்லாத 'பேஸ் கோட்' ஒன்றை முதலில் பூசிக் காயவிடுங்கள்.
* நடுவில் ஒரு இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு இழுப்பு. தோலில் படாமல் மயிரிழை இடைவெளி விடுங்கள்.
* முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும். பயப்படாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் மெல்லியதாக இரண்டாவது பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும்.
* அழிக்கும்போது ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் சில விநாடி அழுத்தி வைத்து, நுனி நோக்கி இழுங்கள். பிளேடால் சுரண்டவே கூடாது. பிறகு கையைக் கழுவி, துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அசிடோன் நகத்தை உலர்த்திவிடும்.
* விரல் சூப்பும் குழந்தைக்கு ஆசைக்குக்கூடப் பூசாதீர்கள். பாட்டில்கள் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கல்யாணத்தில் எல்லோர் கண்ணும் என் விரல் மேல்தான்! அந்தப் பெருமையில் மூன்று மாதம் பச்சையைக் கலைக்கவே இல்லை. கொஞ்சம் உதிர்ந்தால் உடனே மேலே ஒரு பூச்சு.

டாக்டர் கேட்ட கேள்வி

இதற்கிடையில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. எப்போது பார்த்தாலும் அசதி. "வீட்டு வேலைன்னா அப்படித்தான்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் குழந்தையைத் தூக்கும்போது தலை சுற்றிவிட்டது. என்னவர் விடவில்லை, டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர், கையைப் பிடித்தார். "நகத்தை இப்படி மூடி வெச்சிருந்தா நான் எதைம்மா பார்க்கிறது?" என்று கேட்டார். அங்கேயே பஞ்சு வாங்கித் துடைத்தேன். வெளுத்த நகங்கள், நடுவில் கரண்டி மாதிரி குழிந்திருந்தன! இரும்புச் சத்துக் குறைந்தால் நகம் இப்படி ஆவதுண்டாம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். மாதாமாதம் அதிகமாகப் போன உதிரப்போக்கையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து வைத்தியம் ஆரம்பித்தார்.

இது என் கதை மட்டுமல்ல. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ள நம் நாட்டுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. நம்மில் எத்தனை பேர் அசதி என்று தள்ளிப் போடுகிறோமோ!

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டேன். மலம் கருப்பாகப் போனதும் பயந்தேன். அது மாத்திரையால்தான் என்றார் டாக்டர். சாப்பிட்டவுடன் காபி குடிக்கும் பழக்கத்தை விட்டேன், அது இரும்புச் சத்தைச் சேரவிடாது. முருங்கைக்கீரையும் பயறும் அடிக்கடி சமைக்கிறேன். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். ஆனால் ரத்தசோகை வந்த பிறகு கீரை மட்டும் போதாது. டாக்டர் சொல்லும் மாத்திரையும் வேண்டும்.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம் காத்திருந்தேன். இப்போது ரோஸ் நிறத்தில், குழியில்லாமல் இருக்கிறது.

பச்சை பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, விசேஷத்துக்குப் பூசுகிறேன். நாலு நாளில் அழித்துவிட்டு, வெறும் நகத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பூச்சில்லாமல்தான் போகிறேன். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர்கூட அடர்ந்த பாலிஷால் தவறாகக் காட்டலாமே!

போன வாரம் முருங்கைக்கீரைப் பொரியலைத் தட்டில் வைத்தபடி மாமியார் சொன்னார்: "நகத்துல பூசின பச்சை நாலு நாள்தாம்மா. இந்தப் பச்சையைச் சாப்பிடு, நகம் தானா சிவக்கும்!"