அடி அண்ணாமலைப் பாட்டுக்குப் பாங்காக்கில் ஒரு கொம்பாட்டம், தெரியுமா?

திருவண்ணாமலைக் கிரிவலத்தின் 14 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்து அடி அண்ணாமலைக்கு வந்து சேரும்போது, பாதிப் பேருக்குக் கால்வலியைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. ஆதி அருணாசலேசுவரருக்கு ஒரு கும்பிடு, ஒரு டீ, மறுபடியும் நடை. அதே ஊரில் மாணிக்கவாசகருக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறதே, எட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

மார்கழி விடியலில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு குளிக்கப் போவதைக் கண்டு அவர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது வழிவழியாகச் சொல்லி வருவது. மொத்தம் 20 பாட்டு. பதினெட்டாவதில் அண்ணாமலையார் பெயரோடு வருகிறார். இதுவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டு கடல் தாண்டிப் போய், தலையில் நாகத்தைச் சூடிய ஆண்களின் ஆட்டத்தோடு ஒரே விழாவில் கலந்த கதை தெரியுமா?

பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தையை ஒட்டி ஒரு விழா எடுக்கிறார்கள். சிவனுக்கு 10 நாள். அதன் பெயர் 'த்ரியம்பவாய்'. பின்னாலேயே பெருமாளுக்கு 5 நாள், 'த்ரிபவாய்'. வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை! திருப்பாவை! கிரந்த எழுத்துச் சுவடியைப் பார்த்துத் தமிழ்ப் பாட்டையே ஓதுகிறார்கள். உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து, நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. ஓதுகிறவருக்கும் பொருள் தெரியாது. தமிழறிஞர்கள் தனிநாயகம் அடிகளும் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரும் எழுதிய பிறகுதான் இங்கே பலருக்கு இது தெரிய வந்தது.

அந்த ஓதலுக்கு முன்னால் வரும் சடங்கின் பெயர் என்ன தெரியுமா? 'கைலாசக் கதவு திறத்தல்'! தோழி வீட்டு வாசலில் நின்று எழுப்பிய பாட்டு, சிவன் வீட்டு வாசலுக்கே போய்விட்டது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பிரம்மா உலகத்தைப் படைத்தார், அது உறுதியாக நிற்குமா என்று சோதிக்கச் சிவன் இறங்கி வந்தார், மலைகளைச் சுற்றி நாகங்கள் இறுக்கிப் பிடித்தன, பூமி அசையவில்லை, அந்த மகிழ்ச்சியில் நாகங்கள் கடலில் இறங்கிக் கும்மாளம் போட்டன. இது தாய்லாந்துக் கதை. இதைத்தான் அங்கே நடித்துக் காட்டினார்கள். மன்னர் முதலாம் ராமர் 1784-இல் நட்ட ராட்சத ஊஞ்சலின் இரண்டு தூண்களும் மலை. நாகத் தொப்பி அணிந்த 'நாளிவன்'கள் நாலு நாலு பேராகப் பலகையில் ஏறி, வீசி ஆடி, எதிரே மூங்கிலில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். கையால் அல்ல, பல்லால்! சிவனுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் பிரபு, ஆட்டம் முடியும்வரை ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலில் வைத்தபடியே இருக்க வேண்டும். கால் தரையில் பட்டால் அவர் சொத்து பிராமணர்களுக்கு என்பது பழைய விதி. பாவம், அவருக்கும் கால்வலிதான்.

ஊஞ்சல் முடிந்ததும் ரம் சநெங். 'ரம்' என்றால் ஆட்டம், 'சநெங்' என்றால் கொம்பு. 12 நாளிவன்கள் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்து, எருமைக் கொம்பால் நீரை மொண்டு மொண்டு வீசி ஆடுவார்கள். கடலில் கும்மாளமிடும் நாகங்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கு என்னவோ, திருவெம்பாவைப் பெண்கள் குளத்தில் குடைந்து நீராடுவதுதான் கண்முன் வருகிறது. ஆதாரம் கேட்காதீர்கள், இது என் ஆசை. மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல் என்று ஊஞ்சல் பாட்டும் பாடியிருக்கிறாரே என்று நினைத்தால் ஆசை இன்னும் கூடுகிறது.

1935-இல் ஊஞ்சல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 2007-இல் ப்ரே மாகாணத்துத் தேக்கு மரங்களில் புதுத் தூண்கள் எழும்பின. பலகை மட்டும் கட்டவில்லை. வாட் சுதாட் கோயில் எதிரே செக்கச்சிவந்து நிற்கும் அந்தத் தூண்களைச் சுற்றிக்கொண்டுதான் வண்டிகள் போகின்றன. கொஞ்ச தூரத்தில் பிராமணர்களின் கோயில் இருக்கிறது. கோயிலின் பெயர் 'தேவசத்தான்'. நம் தேவஸ்தானமேதான். ஆண்டுதோறும் அதற்குள்ளே கைலாசக் கதவு திறக்கிறது.