கோப்பு எங்கே போயிற்று?

விண்ணப்பம் அனுப்ப இன்றே கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் மதிப்பெண் சான்றிதழின் நகலைச் சேர்த்தாக வேண்டும். சென்ற ஆண்டு ஜூன் மாதம் அதை ஸ்கேன் செய்து வீட்டுக் கணிப்பொறியில் வைத்தது அந்த மாணவிக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் எங்கே வைத்தாள்? என்ன பெயரில் வைத்தாள்? 'ஸ்கேன் 0001', 'ஸ்கேன் 0002', 'புதிது', 'புதிது 2' என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் திரையில் ஓடுகின்றன. சான்றிதழை மட்டும் காணோம்.

கோப்பு தொலைந்துவிட்டதா? இல்லை. அது வட்டில் பத்திரமாகவே இருக்கிறது. தொலைந்தது அதற்குப் போகும் வழிதான். இதைப் புரிந்துகொள்ள, கணிப்பொறி கோப்புகளை எப்படி வைத்துக்கொள்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பெயர் ஓரிடம், பொருள் வேறிடம்

வட்டு முழுவதும் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் கணிப்பொறிகளில் ஓர் அறை பெரும்பாலும் 4,096 பைட் கொள்ளும். பெரிய கோப்பு பல அறைகளில் வைக்கப்படும்; அந்த அறைகள் அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. எந்தப் பெயருள்ள கோப்பு எந்தெந்த அறைகளில் இருக்கிறது என்பதை வட்டிலேயே உள்ள ஒரு பேரேடு காட்டுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பெரிய திரைப்படக் கோப்பை அதே வட்டில் உள்ள வேறொரு கோப்புறைக்கு மாற்றுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதையே பென் டிரைவுக்கு நகலெடுத்தால் நிமிடக்கணக்கில் ஆகலாம். ஏன்? முதல் வேலையில் பொருள் இடம் பெயரவில்லை. பேரேட்டில் ஒரு வரி மட்டுமே மாறியது. ஆகவே, கோப்புகளை ஒழுங்குபடுத்துவது கணிப்பொறிக்குச் சுமையே அல்ல.

கோப்பை அழிக்கும்போதும் முதலில் மாறுவது பேரேடுதான். தவறி அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் இல்லை என்றால், அந்த வட்டில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். பழைய அறைகளில் புதிய கோப்பு குடியேறிவிட்டால் மீட்பது அரிது. காந்தத் தட்டுகள் இல்லாத இக்கால எஸ்.எஸ்.டி. வட்டுகளில் அறைகள் விரைவிலேயே துடைக்கப்படுவதும் உண்டு.

மரத்தின் கிளைகள்

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய கருவி கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துக்களே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம்! இடம் பெருகப் பெருக, கோப்புகளும் பெருகின. கோப்புறைக்குள் கோப்புறை என மரக்கிளைபோல் அடுக்கும் முறையை 1965-இல் 'மல்டிக்ஸ்' திட்டத்தினர் விளக்கினர். 1981-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் முதல் பதிப்பில் இந்த வசதி இல்லை. 1983-இல் இரண்டாம் பதிப்பில்தான் வந்தது.

வீட்டுக்கு எத்தனை கிளைகள் வேண்டும்? 'குடும்பம்' என்று ஒரு தாய்க் கோப்புறை. அதனுள் 'படிப்பு', 'வீடு', 'மருத்துவம்', 'படங்கள்'. 'படிப்பு' என்பதனுள் ஆளுக்கொரு கோப்புறை. மூன்று படிகள் இறங்கினால் எதுவும் கைக்கு எட்டவேண்டும். அளவுக்கு மீறிக் கிளை பிரித்தால், எந்தக் கிளையில் வைத்தோம் என்பதே மறந்துபோகும்.

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது

டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து, வகையைக் காட்ட மூன்று எழுத்து. அதற்கு மேல் இடமில்லை. 1995-இல் வந்த விண்டோஸ் 95 இந்தக் கட்டை அவிழ்த்து, 255 எழுத்துகள் வரை இடம் தந்தது. இன்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். அப்படியிருக்க 'புதிது 2' என்று வைப்பானேன்?

நல்ல பெயருக்கு மூன்று உறுப்புகள் போதும்: நாள், பொருள், யாருடையது. எடுத்துக்காட்டாக, '2024-06-15 மதிப்பெண் சான்றிதழ் கயல்விழி'. ஆண்டை முன்னால் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கணிப்பொறி பெயர்களை இடப்பக்கத்திலிருந்து ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. '05-01-2024', '15-06-2022' என நாளை முன்னால் எழுதினால், 2024-ஆம் ஆண்டுக் கோப்பு 2022-ஆம் ஆண்டுக் கோப்புக்கு முன்னே போய் நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என எழுதினால் அகர வரிசையே கால வரிசையாகிவிடும். ஆறாம் மாதத்தை '06' என இரண்டு இலக்கமாக எழுத மறக்கக் கூடாது. பெயரை மாற்ற, கோப்பைத் தேர்ந்தெடுத்து 'எஃப்2' விசையை அழுத்தினால் போதும்.

தேடும் பெட்டி என்ன செய்கிறது?

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அதைப் பார்த்தே அறியலாம். கணிப்பொறியும், நாம் வேறு வேலையில் இருக்கும்போது, இத்தகைய அடைவு ஒன்றைத் தயாரித்து வைக்கிறது. அதனால்தான் விடை நொடியில் வருகிறது. தட்டெழுதிய கடிதமானால் உள்ளே இருக்கும் சொல்லைக் கொண்டும் தேட முடியும்.

ஆனால் ஸ்கேன் செய்த சான்றிதழ் வெறும் படம். நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கணிப்பொறிக்குப் புள்ளிகளின் கூட்டமே. எழுத்தறியும் மென்பொருள் கொண்டு மாற்றினாலொழிய, உள்ளே இருப்பதை அடைவில் சேர்க்க முடியாது. ஆகவே படத்துக்கு நாம் சூட்டும் பெயரே அதைப் பிடித்திழுக்கும் கயிறு.

பெயரும் நினைவில்லை என்றால்? நாள் இருக்கிறது! கோப்புகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, பெரிய படங்களாகக் காட்டச் சொல்லவேண்டும். நம் மாணவியும் அப்படித்தான் செய்தாள். சென்ற ஜூன் மாதத்துக் கோப்புகள் ஒன்றாக வந்து நின்றன. அவற்றில் 'ஸ்கேன் 0037' என்ற பெயரில் சான்றிதழ் இருந்தது!

விண்ணப்பத்தை அனுப்பியதும் அவள் செய்த அடுத்த வேலை, அதற்குச் சரியான பெயர் சூட்டியது. மூன்றாவது வேலை, 'குடும்பம்' கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்தது. எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் வட்டு ஒருநாள் பழுதடையக் கூடும் அல்லவா? எல்லாம் ஒரே தாய்க் கோப்புறைக்குள் இருந்தால் நகலெடுப்பதும் எளிது. இன்று மாலையே உங்கள் வீட்டுச் சான்றிதழ்களிலிருந்து தொடங்குங்கள்.