ஒரே பாட்டு, வேறு வேறு உடம்பு

சென்னை கோட்டூர்புரத்தில் நண்பர்கள் சிலர் வாரம் ஒரு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். ஆளுக்கு ஒரு பாட்டு. கொண்டு வந்தவர் அது ஏன் பிடிக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்லலாம். பாட்டு முடியும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அங்கே வாராவாரம் நான் பார்க்கும் ஒன்று எனக்குத் தீராத வியப்பு. பாட்டைக் கொண்டு வந்தவருக்கு ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் முன்கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது, கண் கலங்குகிறது. பக்கத்தில் இருப்பவரும் அதே ஸ்பீக்கரில் அதே நொடியில் அதைத்தான் கேட்கிறார். “நல்லா இருக்கு” என்கிறார், அவ்வளவுதான். காற்றில் வந்த அலை ஒன்றுதான். ஓர் உடம்பை அது உலுக்கிவிடுகிறது, ஒரு முழம் தள்ளியிருக்கும் இன்னோர் உடம்பு அசையாமல் இருக்கிறது.

மூளை ஆய்வாளர்கள் இந்த வித்தியாசத்தையே ஒரு கருவியாக்கிக்கொண்டார்கள். கனடாவில் மான்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆன் பிளட், ராபர்ட் சட்டோரே இருவரும் 2001-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இசைப் பயிற்சி உள்ள 10 பேர். தவறாமல் புல்லரிக்க வைக்கும் இசை எதுவோ அதை அவரவரே கொண்டுவர வேண்டும். அதைக் கேட்கும்போது மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மனத்தைத் தொடாத ஓர் இசையும் வேண்டுமே? அதற்காக அவர்கள் எங்கேயும் தேடவில்லை. ஒருவர் கொண்டு வந்ததையே இன்னொருவருக்குப் போட்டார்கள். ஒருவரை உருக்கிய இசை அடுத்தவருக்கு வெறும் ஒலியாக இருந்தது. ஒரே இசை இரண்டு வேலைக்கும் பயன்பட்டதால், புல்லரிப்புக்குக் காரணம் சுரமா, வேகமா, சத்தமா என்ற சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. உருகியவரின் மூளையில் வேலை செய்தவை, பசித்தவனுக்குச் சோறு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள்.

அதே பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் சட்டோரேயும் மற்றவர்களும் 2011-ல் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். இந்த முறையும் அவரவர் இசைதான். சொற்களின் பொருள் குறுக்கிடக் கூடாது என்பதற்காக வாய்ப்பாட்டைத் தவிர்த்து வாத்திய இசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் எங்கே, எப்போது சுரக்கிறது என்பது கேள்வி. விடை இரண்டாகப் பிரிந்து வந்தது. புல்லரிக்கும் அந்த உச்சத்தில் மூளையின் ஆழத்திலுள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதி கிளர்ந்தது. ஆனால் உச்சம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே காடேட் என்ற வேறொரு பகுதி கிளம்பிவிட்டது. 'இதோ வரப்போகிறது' என்ற காத்திருப்புக்கே டோபமின் சுரக்கிறது. டோபமின் இதில் வெறும் சாட்சியா, காரணமா? 2019-ல் லாரா ஃபெரேரி குழுவினர் 27 பேரிடம் சோதித்தார்கள். டோபமினைக் கூட்டும் மருந்தைக் கொடுத்தபோது இசையின் இன்பம் கூடியது, அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது குறைந்தது.

காத்திருப்பு என்றதும் எனக்கு டிசம்பர் மாதத்துக் கச்சேரிதான் நினைவுக்கு வருகிறது. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக்காரர் கோர்வை என்ற தாளக் கோவையைத் தொடங்குகிறார். மூன்று முறை வாசித்து, பாட்டு தொடங்கும் தாள இடமான எடுப்பில் வந்து விழ வேண்டும். சபையில் பாதிப் பேர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது முறை நெருங்க நெருங்க அவர்களின் உடம்பு முன்னால் சாய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? சரியாக எடுப்பில் விழுந்ததும் கைதட்டல் வெடிக்கும். மான்ட்ரியாலில் ஸ்கேன் கருவிக்குள் பார்த்ததை நம் ரசிகர்கள் மயிலாப்பூரில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துகாட்டுகிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தாளம் தெரியாத ஒருவரை அதே வரிசையில் உட்காரவைத்தால், வேகமான வாசிப்பு அவரையும் கவரும். ஆனால் எங்கே விழப்போகிறது என்று தெரியாததால் அந்தக் காத்திருப்பு அவருக்கு இல்லை.

கோட்டூர்புரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸில் இந்தக் கைதட்டலையே ஆராய்ந்திருக்கிறார்கள். பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழுவினர் கர்நாடக இசையைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளும் என்று பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். மணிக்கணக்கில் நீளும் கச்சேரி ஒலிப்பதிவை எப்படி உருப்படி உருப்படியாகப் பிரிப்பது? 2012-ல் அவர்கள் காட்டிய வழி, பாட்டை விட்டுவிட்டுக் கைதட்டலைத் தேடுவது. கைதட்டலின் ஒலி அமைப்பு இசையின் அமைப்பிலிருந்து தெளிவாக வேறுபடுவதால் கணினி அதை எளிதில் கண்டுகொள்கிறது. எங்கெங்கே தட்டினார்கள் என்பதிலிருந்து எங்கே ஒன்று முடிந்தது என்றும், எவ்வளவு பலமாகத் தட்டினார்கள் என்பதிலிருந்து எது உச்சம் என்றும் அறியலாம். ரசிகர்களின் காத்திருப்பும் நிறைவும் ஒலிநாடாவிலேயே பதிந்துகிடக்கின்றன என்பது எனக்கு மெய்சிலிர்க்க வைக்கும் செய்தி.

அப்படியானால் அடுத்து என்ன வரும் என்ற அறிவு எங்கிருந்து வருகிறது? கேட்டுக் கேட்டுத்தான். சிறு வயதிலிருந்து காதில் விழுந்த ஒவ்வொரு தாலாட்டும் நாகஸ்வரமும் சினிமாப் பாட்டும் மூளையில் ஒரு கணக்கை விட்டுச் செல்கின்றன: இந்தச் சுரத்துக்குப் பின் பெரும்பாலும் இது வரும், இந்த இடையிசைக்குப் பின் சரணம் வரும் என்று. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்டவை அதில் ஆழமாகப் பதிகின்றன. அன்னக்கிளி வந்த 1976-ல் பதினாறு வயதாக இருந்தவரும் ரோஜா வந்த 1992-ல் பதினாறு வயதாக இருந்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால், அங்கே இரண்டு வேறு காதுகள் இருக்கின்றன. இதில் ஓர் அழகான விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் க்ரம்ஹான்ஸல் 2013-ல் இருபது வயதுக்காரர்களைச் சோதித்தபோது, தாங்கள் பிறக்கும் முன்பே வந்த பாடல்கள் சிலவற்றோடும் அவர்களுக்கு நெருக்கமான நினைவும் பிரியமும் இருப்பது தெரிந்தது. பெற்றோரின் இளமைக் காலத்துப் பாடல்கள் அவை. வீட்டிலும் காரிலும் அப்பா அம்மா போட்டுக் கேட்டவை பிள்ளையின் காதிலும் குடியேறிவிட்டன.

நண்பர்கள் கூடிக் கேட்பதும் இதைத்தான் செய்கிறது. முதல் வாரம் உங்கள் பாட்டு எனக்கு வெறும் ஒலி. ஆனால் நீங்கள், “ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி புல்லாங்குழல் ஒண்ணு தனியா நிக்கும் பாருங்க” என்று சொல்லிவிட்டீர்கள். இப்போது நான் காத்திருக்கிறேன். உங்களுக்குப் பல வருடங்களில் உருவான காத்திருப்பில் ஒரு துளி எனக்கு அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. முன்பின் கேட்டிராத பாட்டு நொடிப்பொழுதில் பிடித்துப்போவதையும் சலிம்பூர் குழு அளந்திருக்கிறது. 2013-ல் 19 பேருக்குப் புதிய பாடல்கள் 60-இலிருந்து ஒவ்வொரு துண்டு போட்டு, வாங்க என்ன விலை தருவீர்கள் என்று கேட்டார்கள். கூடுதல் விலை சொன்ன பாட்டைக் கேட்டபோது, நியூக்ளியஸ் அக்கம்பென்ஸும் பழைய ஒலிகளின் சேமிப்பை வைத்திருக்கும் செவிப்புலப் பகுதிகளும் நெருக்கமாகச் சேர்ந்து இயங்கின. புதிய பாட்டையும் நாம் பழைய காதால்தான் கேட்கிறோம். திரும்பத் திரும்பச் சந்திப்பதே ஒன்றின்மேல் பிரியத்தை வளர்க்கும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968-லேயே காட்டியதையும் சேர்த்துக்கொண்டால், வாராவாரம் கூடுவதில் என்ன நடக்கிறது என்று புரியும்.

தமிழர்கள் இதைப் பெரிய அளவில் செய்த ஒரு காலம் உண்டு. 1952-ல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றுபோனது. 1957 அக்டோபர் 3-ல் ஆகாசவாணியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித் பாரதி தொடங்கும்வரை, பாட்டு வேண்டியவர்கள் கடல் தாண்டி இலங்கை வானொலிக்குத்தான் முள்ளைத் திருப்பினார்கள். விவித் பாரதி வந்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளிலும் உறவுக்காரக் குரல்கள் ஆயின. நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன் அதைக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வாசிக்கப்படும். முகம் தெரியாத ஒருவரின் பிரியத்தை, அவர் பெயரோடு, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். இன்று செயலி நம் பழக்கத்தைக் கணக்கிட்டு அடுத்த பாட்டைத் தருகிறது. அதில் யாருடைய பெயரும் இல்லை. அது ஒரு பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. வுல்ஃப்காங் சாஹர் குழுவினர் பெர்லினில் மூன்று கச்சேரிகளுக்கு வந்த 132 ரசிகர்களின் உடம்பில் உணரிகளைப் பொருத்தி அளந்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், தொடாமல் உட்கார்ந்திருந்தவர்களின் இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் தோலின் மின்கடத்தலும் ஒன்றோடொன்று ஓரளவு இசைந்து ஏறி இறங்கின. சேர்ந்து பாடினால் நெருக்கம் இன்னும் விரைவாக வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-ல் மாலை வகுப்புகளை ஒப்பிட்டார்கள். கைவினையும் எழுத்தும் கற்றவர்கள் மெல்ல மெல்ல நெருங்கினார்கள், பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் சில வாரங்களிலேயே நெருங்கிவிட்டார்கள்.

இதெல்லாம் எல்லாருக்கும் பொருந்துமா? பொருந்தாது. நூற்றில் சிலருக்கு இசையில் இன்பமே கிடைப்பதில்லை என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். காது நன்றாகக் கேட்கும், சுருதி பேதம் தெரியும், மற்ற இன்பங்களில் குறை இல்லை. இசைக்கு மட்டும் உடம்பு பதில் சொல்வதில்லை. அப்படி ஒருவர் உங்கள் நண்பர்களிலும் இருக்கலாம். அவரை ரசனையற்றவர் என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2015-ல், நெடுநாள் பழகிய பாடல்களின் நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் எவை என்று கண்டறிந்து, அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களோடு ஒப்பிட்டார்கள். மற்ற பகுதிகளில் தேய்வு கூடுதலாக இருக்க, இந்தப் பகுதிகளில் குறைவாகவே இருந்தது. பிள்ளையின் பெயர் மறந்துபோனவர்கள்கூடப் பழைய பாட்டை முணுமுணுப்பது இதனால் இருக்கலாம். ஆனால் எந்தப் பாட்டு? 'பழைய பாட்டு' என்று பொதுவாக எதையோ போட்டால் போதாது. மான்ட்ரியால் சோதனை சொல்வதைப் பாருங்கள். இன்னொருவரின் உயிரான பாட்டு இவருக்கு வெறும் ஒலியாக இருக்கும். அவருடைய பாட்டு எது என்று அவர் சொன்னால்தான் தெரியும், சொல்ல முடிகிற காலத்திலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே கேளுங்கள். பத்துப் பாட்டு, பாடியவர் யார், எங்கே முதலில் கேட்டது, எந்த இடம் பிடிக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் பட்டியலையும் எழுதி, நம்பிக்கையான ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.