ஆறு வயதில் சத்தமில்லாமல் முளைக்கும் பல்

விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பிள்ளைக்கு முன்பல் ஆடத் தொடங்கினால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆட்டிப் பார்க்க நாலு பேர், நூல் கட்டி இழுக்கலாமா என்று யோசனை சொல்ல ரெண்டு பேர். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் வரிசையாக முளைக்கும் என்று அப்பத்தா சொல்லிக்கொடுப்பார். பிள்ளையும் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காட்டிவிட்டு வரும்.

இந்த ஆரவாரம் நடக்கிற அதே மாதங்களில், அதே வாயின் கடைக்கோடியில், இன்னொரு பல் யாரிடமும் சொல்லாமல் எழும்பிக்கொண்டிருக்கும். எந்தப் பல்லும் விழுந்து அதற்கு இடம் விடுவதில்லை. இருக்கிற பால்பற்களுக்குப் பின்னால், வெறும் ஈறாக இருந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு தானாக வரும். அதனால் வீட்டில் யார் கண்ணிலும் படாது. பட்டாலும் அதையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அது பால்பல் அல்ல. அறுபது எழுபது வயது வரை சோறு மெல்ல வேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். மேலே ரெண்டு, கீழே ரெண்டு. மேல்முகத்தில் ஆழமான பள்ளமும் கீறலுமாக இருக்கும். உணவுத் துகள் ஒட்டிக்கொள்ள அதைவிடத் தோதான இடம் வாயில் வேறு இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் பெரும்பாலும் முதலில் சொத்தையாவதும் இதுதான்.

இந்தப் பல் வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம். காலை வெயில் விழும் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஒன்று, ரெண்டு வெட்டுப்பல். மூன்று கோரைப்பல். நாலும் ஐந்தும் பால் கடைவாய்ப்பல். ஐந்தோடு வரிசை முடிந்தால் இன்னும் வரவில்லை. ஆறாவதாக ஒன்று, மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக, பாதி ஈறுக்குள் மூழ்கியபடி தெரிந்தால் வந்துவிட்டது. முழுதாக எழும்ப அதற்கு ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருக்கும். வழக்கம்போல முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். கன்னத்துப் பக்கத்திலிருந்து பிரஷைக் குறுக்காக விட்டு, அந்த ஒரு பல்லைத் தனியாகத் தேய்க்க வேண்டும். பல் தேய்ப்பது பற்றி இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பால்பல்லுக்குச் சொத்தை வந்தால் கேட்கிற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "விழுகுற பல்லுதானே." பாதி உண்மை. முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்துவிடும். பால் கடைவாய்ப்பற்கள் அப்படியல்ல, பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையாகி ஆறில் பிடுங்கிப்போட்டால், மிச்ச வருஷங்கள் அந்த இடம் காலியாகக் கிடக்கும். பின்னால் முளைத்த ஆறு வயதுப் பல் மெல்லச் சரிந்து அங்கே வந்துவிடும். அடுத்து வர வேண்டிய பல் இடமில்லாமல் கோணிக்கொண்டு எழும். பிற்பாடு கம்பி கட்ட எவ்வளவு ஆகும் என்று மதுரையில் விசாரித்தவர்களுக்குத் தெரியும். வேரடியில் சீழ் பிடித்தால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மேற்பூச்சே கெட்டுப்போகலாம். வலியில் தூங்காத பிள்ளை சாப்பிடாது, படிக்காது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இது ஏதோ ஒரு ஊரின் சங்கதியும் அல்ல. 2002-03இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 12 வயதில் 53.8, 15 வயதில் 63.1. பால்பல் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் உலகம் முழுக்க 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

சொத்தையை நம் ஆட்கள் "பூச்சி அரிச்சிருக்கு" என்பார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்துப் பூச்சியை வெளியேற்றும் வைத்தியமும் கிராமங்களில் இருந்தது. பூச்சி நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமல்ல, பழைய பாபிலோனியர்களும் அதைத்தான் நம்பினார்கள். பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728இல் எழுதிய நூலில், தேடிப் பார்த்தும் பூச்சி எதையும் காணவில்லை என்று அதை மறுத்தார். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவைப் பூச்சி என்று வைத்துக்கொண்டால், நம் ஆட்கள் சொன்னது ஒரு வகையில் சரிதான். அந்தப் பாக்டீரியா நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கிறது. பல்லை அரிப்பது அந்த அமிலம். அமிலம் கூடக் கூடக் குறையும் pH அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். தாயின் எச்சில் வழியாகவே இந்தக் கிருமி குழந்தைக்குப் போகலாம் என்பதால், சோற்றை மென்று ஊட்டும் அம்மாக்களின் சொத்தைக்கும் வைத்தியம் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940களில் காட்டிய விஷயம் பெட்டிக்கடைக்கு நேராகப் பொருந்தும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிஷத்தில் அமிலம் ஏறுகிறது. எச்சில் அதைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகிறது. அப்படியானால் கணக்குப் போடுங்கள். ஐந்து மிட்டாயை ஒரே மூச்சில் தின்ற பிள்ளைக்கு ஒரு தாக்குதல். அதே ஐந்து மிட்டாயைக் காலை மணிக்கு முன்னால் ஒன்று, இன்டர்வெலில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விட்டதும் ஒன்று, டியூஷனில் ஒன்று என்று தின்ற பிள்ளைக்கு ஐந்து தாக்குதல். எவ்வளவு தின்றது என்பதைவிட எத்தனை தடவை தின்றது என்பதே பல்லுக்குக் கேடு.

சுவீடனில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான விபெஹோல்ம் மருத்துவமனையில் 1945இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த சர்க்கரையால் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் கொடுத்த ஒட்டும் டாஃபியால் மளமளவென்று கூடியது. சம்மதம் சொல்லவும் தெரியாத நோயாளிகளுக்கு டாஃபி கொடுத்துப் பல்லைக் கெடுத்த ஆய்வு அது. அந்த அவமானத்தையும் சேர்த்தேதான் அதைச் சொல்ல வேண்டும்.

கருப்பட்டி நல்லதுதானே என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் பனை நின்ற பூமியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உடம்புக்கு அது என்ன செய்கிறது என்பது வேறு பேச்சு. பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். வெல்லப்பாகில் புரட்டிய கடலை மிட்டாய் கடைவாய்ப் பள்ளத்தில் ஒட்டினால் லேசில் விடாது. தின்ன வேண்டாம் என்றில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் கொடுத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் போதும். சீனி போட்ட பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கப்போடுவதைத்தான் கட்டாயம் நிறுத்த வேண்டும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். இரவு முழுக்கக் கழுவ ஆளில்லை. அப்படி வளரும் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் நாள். அந்தக் கட்டத்தில் பல்லைத் திரும்பத் தேற்றிவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தபின் தேறாது.

எதைக் கொண்டு தேய்ப்பது? திருச்சுழி, பரளச்சி வட்டாரத்தில் கரிக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது இங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. அதில் ஒரு துண்டை உப்போடு பொடித்துத் தேய்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அதே கரியை ட்யூபில் அடைத்து இப்போது பட்டணத்தில் விலை வைத்து விற்கிறார்கள், அது தனிக் கூத்து. கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் பல்லை வெளுப்பாக்குவது போலத் தோன்றும். அரத்தால் ராவினாலும் இரும்பு பளபளக்கத்தான் செய்யும். பல்குச்சிக்கு வந்தால், ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதி என்று புகழும் பழமொழியில் வருவது நாட்டுக் கருவேல். கண்மாய்க்கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேல் கடல் தாண்டி வந்த மரம், பழமொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலங்குச்சியின் துவர்ப்பு ஈறுக்கு இதமாக இருக்கலாம். பெரியவர்கள் ஆசைக்கு மெல்லட்டும். பிள்ளைகளுக்கு அதில் இல்லாத ஒன்று தேவைப்படுகிறது. அது ஃபுளோரைடு.

நம் நாட்டில் விற்கும் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பிள்ளைக்கும் அந்த அளவுள்ள பேஸ்ட்டே ஏற்றது. ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், பார்த்து வாங்குங்கள். மூலிகை என்று போட்டிருக்கும் பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. முதல் பல் எட்டிப் பார்க்கும் ஆறேழு மாதத்திலிருந்து மூன்று வயது வரை ஒரு அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குச் சுருள் சுருளாகப் பிதுக்குவது கம்பெனிக்கு லாபம், பிள்ளைக்கு நஷ்டம். ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் தேய்த்துவிட வேண்டும். காலையில் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம். ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இரவை விடாதீர்கள்.

குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து பழகிய ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. தேய்த்தபின் செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கத் தேவையில்லை. நுரையை நன்றாகத் துப்பினால் போதும். கொப்பளித்தால் பல்லின் மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். பிரஷை நனைக்கவும் கழுவவும் அரை டம்ளர் போதுமானது.

ஃபுளோரைடு அளவு மீறினால் வேறு கதை. இந்தியாவில் ஃபுளோரைடு மிகுதியால் வரும் நோய் முதலில் வெளிச்சத்துக்கு வந்ததே அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1937இல் எழுதினார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்பு. நிலத்தடி நீரில் இது கிணற்றுக்குக் கிணறு, போருக்குப் போர் மாறும். உப்புக் கரிப்பதை வைத்தோ நாக்கை வைத்தோ சொல்ல முடியாது. ஒரே தெருப் பிள்ளைகளுக்குப் புதிதாக முளைத்த முன்பற்களில் இரு பக்கமும் ஒன்றுபோலச் சுண்ணாம்புக் கோடோ பழுப்புப் பட்டையோ தெரிந்தால் பிரஷைக் குறை சொல்லாமல் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் அதற்காகவே இருக்கின்றன. எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் அந்தப் பல்லில் கறையாக எழுதப்படுகிறது.

வைத்தியத்துக்கு எங்கே போவது என்பதில்தான் கிராமம் திணறுகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பார்க்க வேண்டிய கோளாறுகளின் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. ஆனால் குழு எழுதிக் கொடுப்பது ஒரு சீட்டு. அந்தச் சீட்டோடு பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ போய் வந்தால் தாய்க்கு அன்றைய கூலி போச்சு. வலிக்காத பல்லுக்காக யார் கூலியை விடுவார்கள்? வலித்த பிறகு போனால் பிடுங்குவதைத் தவிர வழி குறைவு.

இலங்கையில் இதற்கு வேறு வழி கண்டார்கள். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி தொடங்கி, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பல் மருந்தகங்களை வைத்தார்கள். பிள்ளையைத் தேடிச் சிகிச்சை போனது. இங்கே இப்போதைக்கு அவ்வளவு இல்லாவிட்டாலும், ஆறு வயதுப் பல்லின் பள்ளத்தை அது கெடுவதற்கு முன்பே மெழுகி அடைத்துவிடும் சீலன்ட் என்ற சின்ன வேலைக்கு ஊசியோ துளையோ வேண்டாம். பல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு ஏதோ வேலையாகப் போகிற அன்று பிள்ளையையும் கூட்டிப்போய், "ஆறு வயசுப் பல்லு வந்திருக்கு, பள்ளத்தை அடைக்க முடியுமா?" என்று கேட்கலாம்.

ஏற்கெனவே சொத்தையான பால்பல்லுக்கும் துளையில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தை ஒரு சொட்டுத் தொட்டுத் தடவினால் சொத்தை பெரும்பாலும் அந்த மட்டில் நின்றுவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஒரே குறை, தடவிய சொத்தை கன்னங்கரேலென்று கறுத்துவிடும். "ஐயோ, பிள்ளை பல்லு கரியாப் போச்சே" என்று அம்மா பதறினால், விழுகிற பல்தானே என்று அப்போது தாராளமாகச் சொல்லலாம்.