கத்தி தொடாத வேர்

தைப்பூசத்தையொட்டிய நாள்களில் பத்துமலை அடிவாரத்தில் சவரக்கத்திக்கு ஓய்வே இல்லை. கைக்குழந்தை முதல் பாட்டி வரை வரிசையாக உட்கார்ந்து முடி இறக்குகிறார்கள். குளித்து, வழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு 272 படிகளை நோக்கி நடக்கிறார்கள். 1892 முதல் இங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. வேண்டுதலும் பக்தியும் ஒருபுறம் இருக்கட்டும். முடி எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஒரே சமயத்தில் மொட்டையான அத்தனை தலைகளும் அடுத்த பல மாதங்கள் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் பேருந்துகளிலும் நம் கண்முன்னே வளர்கின்றன.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். தைப்பூசத்தில் மொட்டை போட்டவருக்குச் சித்திரைப் புத்தாண்டில் விரலில் பிடிக்கும் அளவு முடி இருக்கும். தீபாவளிக்கு 9, 10 செ.மீ. வந்துவிடும், வகிடெடுத்துச் சீவலாம்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று நம் வீடுகளில் சொல்லாதவர் குறைவு. அது உண்மையில்லை. சவரம் செய்வதால் முடியின் பருமனோ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரெட் ட்ரொட்டர் 1928இலேயே அளந்து காட்டினார். கத்தி தோலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான் எடுக்கிறது. முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. இயல்பாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்திருக்கும். வழித்தபின் வெட்டுப்பட்ட தட்டை முனை முதலில் வெளியே வருவதால், தடவினால் சொரசொரப்பாக, தடித்ததுபோல் படுகிறது. குழந்தைகள் விஷயத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. பிறந்தபோது இருந்த பூமுடி முதல் ஓராண்டில் தானாகவே உதிர்ந்து உறுதியான முடி வருகிறது. நாம் மொட்டை போடுவதும் அதே காலத்தில்தான்.

வளர்வதைவிட உதிர்வதுதான் மக்களைக் கலங்க வைக்கிறது. அதைப்பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தலையில் சுமார் 100,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 6 ஆண்டு வரை முடியை வளர்க்கும். பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுக்கும். அதன்பின் பழைய முடி விழ, அதே இடத்தில் புதியது முளைக்கும். எந்த நேரத்திலும் நூற்றுக்கு 85, 90 முடிகள் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது உடம்பின் வழக்கமான வேலை.

கடுமையான காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, திடீரென எடை குறைதல் போன்ற அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதி ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வு முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்போதுதான் குளியலறைத் தரையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். 2023இல் மலேசியாவில் 120,000க்கும் மேற்பட்டோர் டிங்கிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார்கள். சிலாங்கூரில்தான் எண்ணிக்கை மிக அதிகம். டிங்கியிலிருந்து தேறிய பலர், காய்ச்சலை மறந்துவிட்ட பிறகு முடி கொட்டுவதைப் பார்த்து, போன வாரம் மாற்றிய ஷாம்பூவையோ குழாய்த் தண்ணீரையோ பழிக்கிறார்கள். முடி கொட்டினால் நாள்காட்டியை மூன்று மாதம் பின்னோக்கிப் புரட்டுங்கள் என்பேன். காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இதே கணக்குத்தான். கர்ப்ப காலத்தில் சுரப்புநீர்கள் முடியை உதிர விடாமல் நீண்டநாள் வளர்பருவத்தில் வைத்திருக்கின்றன. பிரசவத்துக்குப்பின் அந்தப் பிடி தளர்கிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிகள் சொல்வார்கள். காரணம் வேறாக இருந்தாலும் காலத்தை அவர்கள் மிகச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள்! இப்படிக் கொட்டியது பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் திரும்பிவிடும். அதற்குள் பதற்றத்தில் இருக்கும் தாயிடம் நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு எண்ணெயும் மாத்திரையும் விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. செம்பருத்தி எண்ணெயும் கரிசலாங்கண்ணி எண்ணெயும் முடித்தண்டை வறளாமல் காக்கலாம். தேய்ப்பது சுகமாகவும் இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஓய்வுக்குப் போன முடியை அவற்றால் நிறுத்திவைக்க முடியாது.

எல்லா உதிர்வுக்கும் காத்திருக்கவும் கூடாது. வட்ட வட்டமாக முடி போனால் அது புழுவெட்டாக இருக்கலாம். புழு எதுவும் இல்லை, உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்குகிறது. உச்சியோ நெற்றியோரமோ ஆண்டுக்கணக்கில் மெலிந்துகொண்டே போவது பரம்பரை வழுக்கையாக இருக்கலாம். மினாக்சிடில் போன்ற மருந்தை முன்கூட்டியே தொடங்கினால்தான் பலன் கூடும். இறுகப் பின்னிய சடையால் நெற்றியோரம் முடி போகும் சிறுமிக்குப் பின்னலைத் தளர்த்துவதே முதல் வைத்தியம். ஆறு மாதம் கடந்தும் கொட்டுவது நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போய், இரும்புச்சத்து இருப்பையும் தைராய்டையும் இரத்தத்தில் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.