விடுமுறைக்கும் கூட வந்த அடுப்பு

இங்கிலாந்தின் வட யோர்க்சயரில் நானும் கணவரும் கட்டிலும் அடுப்பும் உள்ள வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு கிழமை சுற்றினோம். முதல் இரண்டு நாளும் நானே சமைத்தேன், பாத்திரமும் கழுவினேன். குசினி கூடவே வந்தால் பெண்ணுக்கு எங்கே விடுமுறை? மூன்றாம் நாள், "இண்டைக்கு நீங்கள் சமையுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் தனியே போனேன். திரும்பி வர, சோறு குழைந்திருந்தது. பரவாயில்லை, சாப்பிட்டேன்.

மறுநாள் வானைப் பிக்கரிங்கில் விட்டுவிட்டு நீராவிப் புகையிரதத்தில் கோத்லண்ட் போனோம். அங்கிருந்து குரோமொன்ற் வரை, 1836இல் குதிரைகள் வண்டி இழுத்த பழைய பாதையில் நடந்தோம். திரும்பவும் புகையிரதம். 1965இல் மூடப்பட்ட இந்தப் பாதையை ஆர்வலர்கள் சேர்ந்து 1973இல் மீண்டும் ஓடவைத்தார்களாம். யன்னலால் கரிப்புகை மணத்தது. 1990இல் நின்று, 2014இல் யாழ்ப்பாணம் திரும்பிய யாழ்தேவி நினைவுக்கு வந்தது.

அன்று இரவும் அவர்தான் சமைத்தார்.